சாதா மெசேஜ்

"ஐயய்யோ, வெளிநாட்டுக்கு அதுல அனுப்பாதம்மா! ஒவ்வொரு மெசேஜுக்கும் அஞ்சு ரூபா போயிடும்!"

காந்திமதி குவார்ட்டர்ஸ் கேட்டைத் திறந்துகொண்டு ஏறக்குறைய ஓடியே வந்தாள். வெளியே மர நிழலில் பலாச்சுளைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, 'வெளிநாட்டுல இருக்குற பொண்ணுக்கு மெசேஜ் அனுப்பணும்' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பொன்னம்மாள் போனை ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தாள்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வருகிறவள் பொன்னம்மாள். இந்த சீசனில்தான் அந்த பிளாக்குக்குப் புதிதாக வர ஆரம்பித்திருந்தாள். சுளை தேனாக இருந்தது. பேச்சு அதைவிட இனிப்பாக இருந்தது. காந்திமதி இரண்டுக்கும் வாடிக்கையாகிவிட்டாள்.

"அதாங்க எனக்கும் ஒண்ணும் புரியல" என்றாள் பொன்னம்மாள். "காலையில காசு போட்டா சாயங்காலம் காசு இல்லங்குது. பாப்பாவுக்கு நாலு வார்த்த அனுப்புனேன், அவ்ளோதான்."

"பாப்பா எந்த நாட்டுல இருக்கா?"

"சிங்கப்பூர்லங்க. பாவம், பச்சப் புள்ளய வெச்சிகினு தனியா அல்லாடறா. போட்டோ அனுப்புறேன் அனுப்புறேங்குறா. எனக்கு அத எங்க பாக்குறதுன்னே தெரியல."

சிங்கப்பூர் என்றதும் காந்திமதியின் முகம் லேசாக மாறியது. மறுகணம் கையை நீட்டினாள்.

"குடு இப்படி."

போன் விஷயத்தில் காந்திமதியை அந்தத் தெருவில் யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மகள் தமிழ்நிலா தோஹாவுக்குப் போன புதிதில் வந்த பில்லைப் பார்த்துவிட்டு, காந்திமதியின் கணவர், நிலக்கரி மைன்ஸில் வேலை பார்க்கும் ராஜாங்கம், ஷிப்டுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் வீம்பாகக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். இப்போது காலை காபியிலிருந்து ராத்திரி தோசை வரைக்கும் தோஹாவுக்குப் படம் போகிறது. பில்தான் வருவதில்லை.

"இங்க பாரு. நீ அனுப்பினது எல்லாம் சாதா மெசேஜ். வெளிநாட்டுக்குப் போனா தனி ரேட்டு. நம்ம ரீசார்ஜ் பேக்ல இது சேராது. மிஸ்டு கால் குடுக்கறேன்னு டயல் பண்ணுவ, அவ சட்டுனு எடுத்துட்டா அதுக்கும் போச்சு."

"அடி ஆத்தீ!"

"இந்தப் பச்சைக் கலர்ல போன் படம் போட்டிருக்கு பாரு, இது வாட்ஸ்அப். நெட்டு ஆன்ல இருக்கணும். அனுப்பினா ஒத்த டிக்கு, அங்க போய்ச் சேர்ந்தா ரெட்ட டிக்கு. தனியாக் காசு கிடையாது."

"இது எம் போன்லயே இருக்குதாங்க?"

"இருக்கே! தொட்டே பார்க்கலியா நீ?"

உள்ளே 'பாப்பா' என்ற ஒரே ஒரு பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ. திறந்தால் துடைத்து வைத்ததுபோல் காலி. காந்திமதி உச்சுக்கொட்டினாள். வீடியோ தானாக இறங்கி நெட்டைத் தின்றுவிடாதபடி ஒரு செட்டிங்கை அணைத்தாள். பிறகு, 'அம்மா இனிமே இதுலதான் வருவேன். குழந்தை போட்டோ அனுப்பு' என்று அடித்து அனுப்பினாள்.

ஒற்றை டிக். இரட்டை டிக். பொன்னம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ அறிவு உங்களுக்கு! ஏங்க, உங்களுக்குப் புள்ளைங்க எத்தினி பேரு?"

"ஒரே பொண்ணு" என்றாள் காந்திமதி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "தோஹால இருக்கா."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு, பொன்னம்மாள் கூடையின் மேலிருந்த வாழை இலையைச் சரிசெய்தாள்.

டிங் என்றது போன்.

"வந்துடுச்சு பாரு! போட்டோ!"

"நீங்களே தொறந்து பாருங்க. எனக்குக் கண்ணாடி இல்லாம சரியாத் தெரியாது."

காந்திமதி சந்தோஷமாகத் தொட்டாள். மங்கலாக இருந்த படம் மெல்லத் தெளிந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை. கொழுகொழு கன்னம், இறுக மூடிய கண். "அடடா, என்னா அழகு! ராசாத்தி..." என்று கொஞ்ச ஆரம்பித்தவள், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்த ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்புமணி. அவளுடைய மகன்.

போன வருஷம் சிங்கப்பூரில் யாரையும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போன் பண்ணியவனிடம், 'இனிமே எனக்குப் பொண்ணு ஒண்ணுதான்' என்று சொல்லி வைத்தவள் அவள். பெண் யார், எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. குழந்தை பிறந்த சேதி காதில் விழுந்தபோதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள். குழந்தையின் நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அன்புமணி பிறந்தபோது இருந்தது மாதிரியே இருந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், சிரித்தாள், மறுபடியும் துடைத்தாள். போனைத் திருப்பித் தர மட்டும் மனம் வரவில்லை.

கடைசியில் கேட்டை அகலத் திறந்தாள்.

"வாங்க... உள்ள வாங்க" என்றாள். இத்தனை நாளில் அவள் பொன்னம்மாளிடம் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

படியேறிக்கொண்டே பொன்னம்மாள் போனை வாங்கி, இரண்டு கட்டைவிரலாலும் மடமடவென்று அடித்தாள்: 'பாத்துட்டாங்க. சிரிக்கிறாங்க. தம்பிய உடனே வீடியோ கால் போடச் சொல்லு.'

காந்திமதி திரையை எட்டிப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் வாட்ஸ்அப்பே தெரியாதே!"

"தெனமும் பேசிகினுதான் இருக்கேன், சம்பந்தி" என்றாள் பொன்னம்மாள். "தம்பி நம்பர நீங்க பிளாக் பண்ணி வெச்சிருக்கீங்களாமே? அதான், உங்களுக்குப் பேரப்புள்ள போட்டோ வர்றதுக்கு நானே ஒரு போன எடுத்துகினு வந்தேன்!"