இரண்டு மைல் தூரம்

ஆம்பூர் ஷூ கம்பெனி இன்டர்வியூவில், ஷூ வாங்கும் லண்டன்காரரின் மெயிலை மேனேஜர் ஜெயசீலன் ஷர்மிளாவிடம் நீட்டினார். காலையிலிருந்து வந்தவர்களெல்லாம் அதில்தான் திருதிருவென முழித்தார்கள்.

"'எக்ஸ்ட்ரா மைல்' போகணும்ன்றான். இன்னாம்மா அர்த்தம்?"

"கேட்டதுக்கு மேலயே செய்யணும் சார்," என்றாள் ஷர்மிளா. "பைபிள்ல வர்றது. ஒரு மைல் கூப்ட்டா, ரெண்டு மைல் போ."

"'சால்ட் ஆஃப் தி எர்த்'?"

"அதுவும் இயேசுவோட மலைப்பிரசங்கம்தான். உப்பு மாதிரி, நல்ல மனுஷங்க."

ஜெயசீலனுக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம சபைப் பிள்ளை!

"அப்பா பாஸ்டரா?"

"குடியாத்தத்துல அம்மன் கோயில் பூசாரி சார். வெளியில நிக்கிறார்."

ஜெயசீலன் கூப்பிட, நெற்றி நிறையக் குங்குமத்தோடு உள்ளே வந்தவர், மகளுக்கு பைபிள் எப்படித் தெரியும் என்று கேட்டதும் நிமிர்ந்து நின்றார்.

"மிஷன் ஸ்கூல் பைபிள் வசனப் போட்டியில வருஷா வருஷம் இவதான் ஃபர்ஸ்ட். இவ ஒப்பிக்கிறப்ப பைபிளைக் கையில வச்சிக்கினு தப்பு பாத்தது நான். மலைப்பிரசங்கம் எனக்கும் மனப்பாடம் சார்!"