ஸ்டெயின்லெஸ் ராடு

நிலம் ஆடி நின்றபோது டிங்-குன்னின் பட்டறை ஷட்டர் நெளிந்து சிக்கிக்கொண்டது. அவர் உள்ளே இருந்தார்.

ஹுவாலியன் ஊரில் நிலநடுக்கம் புதிதல்ல. ஆட்டம் நின்றதும் எல்லோரும் தெருவுக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் யாரைக் காணோம் என்று பார்ப்பார்கள், பிறகு உள்ளே போய் விட்ட வேலையைத் தொடர்வார்கள். அன்று யாரும் உள்ளே போகவில்லை. ஷட்டரின் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பா கவிழ்ந்து எதிலோ பற்றியிருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. டிங்-குன்னே செய்து மாட்டியது. இரண்டு ஆண்கள் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அது அசைகிற வேலை இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. பக்கத்துப் பட்டறைக்குள் திறக்கும் இரும்புக் கதவு.

இரண்டும் முன்பு ஒரே பட்டறைதான். டிங்-குன்னும் அவர் மனைவி யூ-சியாவும் சேர்ந்து நடத்தியது. இருவருமே வெல்டர்கள். பிரிந்தபோது யூ-சியா பக்கத்துப் பாதியை எடுத்துக்கொண்டாள். நடுக்கதவைத் தன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை வெல்டு வைத்து அடைத்தாள். அது ஆகி ஆறு வருடம்.

வெல்டுக்கு அவள் உருக்கிப் போட்டது ஸ்டெயின்லெஸ் ராடு. கடல்காற்றில் கதவெல்லாம் துருவேறிப் பழுப்பாகிவிட்டது. வெல்டுக் கோடு மட்டும் சரிகை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. துருப்பிடித்துக்கூட அந்தக் கதவு விட்டுவிடக் கூடாது, அதனால்தான் அவ்வளவு விலையுள்ள ராடை எடுத்தாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எதிரில் காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மெய்-யுன் ஓடிவந்தாள்.

"முதலாளியம்மா, கிரைண்டரை எடுங்க! சீக்கிரம்!"

"கரண்டு எங்க இருக்கு?" என்றாள் யூ-சியா.

அவள் ஓடவில்லை. தன் பட்டறைக்குள் நடுக்கதவருகே போய் உள்ளங்கையால் தட்டினாள்.

"யோவ், இருக்கியா?"

மறுபுறம் இருமல் கேட்டது. "இருக்கேன். கதவுகிட்டதான் நிக்கிறேன்."

ஆறு வருடத்தில் இருவரும் பேசிய முதல் பேச்சு அது.

"தள்ளி நில்லு."

காலைத் தூக்கிக் கதவை ஓங்கி உதைத்தாள்.

பயத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே மெய்-யுன் நினைத்தாள். "காலால ஒதைச்சா வெல்டு விட்டுருமா? என்னம்மா நீங்க!"

வேறு வெல்டாக இருந்தால் விடாதுதான். இது விடும். சாதாரண இரும்பில் ஸ்டெயின்லெஸ் ராடைப் போட்டால், இரண்டும் கலந்த இடம் கடினமாகிவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஓர் அடிக்குத் தாங்காது. விரிசல் விடாமல் இரண்டையும் சேர்ப்பதற்கென்றே தனியாக ஒரு ஸ்டெயின்லெஸ் ராடு உண்டு. அலமாரியில் அன்று அதுவும் இருந்தது. யூ-சியா அதை எடுக்கவில்லை. கரண்டையும் குறைத்து வைத்து, மேலோட்டமாகத்தான் இழுத்தாள்.

என்றைக்காவது திறக்க வேண்டி வந்தால் ஓர் உதையில் திறக்கட்டும் என்று நினைத்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கதவு திறக்கவில்லை.

சம்மட்டியை எடுத்து அடித்தாள். தகடு குழிந்தது. கோட்டில் மயிரிழை போல விரிசல்கள் தெரிந்தன. ஆனாலும் கதவு சட்டத்தை விட்டு அசையவில்லை.

"ஏன் விட மாட்டேங்குது?" என்று கதவைப் பார்த்துக் கேட்டாள். அன்று அவள் முகம் மாறியது அப்போதுதான்.

உள்ளேயிருந்து இருமல் மட்டும் வந்தது. வரவரத் தாழ்வாக, தரையை ஒட்டி வந்தது.

கேஸ் கட்டரை இழுத்து வந்தாள். ஸ்டெயின்லெஸ்ஸை கேஸ் வெட்டாது. அதனால் கோட்டைத் தொடாமல், ஒரு விரல் தள்ளி வெறும் தகட்டை வெட்டினாள். பொறி பறந்து சட்டைக்கையில் விழுந்து ஓட்டை போட்டது. வெட்டிய இடுக்கு வழியாகப் புகை அவள் முகத்திலேயே அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

தகடு மடங்கி விழுந்தது. டிங்-குன் தவழ்ந்து வந்தார். முகம் கரி. புருவம் பாதி பொசுங்கியிருந்தது. தீயணைப்பானோடு காத்திருந்தவர்கள் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் நெருப்பு அடங்கியது.

மெய்-யுன் அவரைத் தரையில் உட்காரவைத்து ஒரு கோப்பை சோயாப் பாலைக் கையில் கொடுத்தாள். அவசரத்தில் அவள் கையில் கிடைத்தது அதுதான்.

யூ-சியா சட்டத்தின் அருகிலேயே நின்றாள். வெட்டாமல் விட்ட ஒரு துண்டுத் தகடு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

அங்கேயும் ஒரு வெல்டு. மேலிருந்து கீழ்வரை, தடிமனாக, ஒரே சீராக. எங்கும் விரிசல் இல்லை.

"இது யாரு வச்சது?"

"நான்தான்." டிங்-குன் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "நீ வச்சது மொத மழைக்காலத்துலயே விரிசல் விட ஆரம்பிச்சுது, இடுக்குல உன் பக்கத்து வெளிச்சம் தெரிஞ்சுது. கோவத்துல நீ ராடை மாத்தி எடுத்துட்டேன்னு நெனச்சேன். நீ மூடின கதவு, அதுபாட்டுக்குத் தொறந்துக்கிட்டா உனக்குத்தானே அசிங்கம்? அதான் சரியான ராடா வாங்கி நான் உள்பக்கம் போட்டேன்."

யூ-சியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கேஸ் வால்வை மூடினாள். கேஸ் குழாயைச் சுற்றி மாட்டினாள்.

ஆறு வருடமாகத் தெருவே கேட்க நினைத்ததை மெய்-யுன் அப்போது கேட்டுவிட்டாள்.

"கேட்டா தப்பா நெனைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் எதுக்குத்தான் பிரிஞ்சீங்க?"

"கோயிலுக்கு இரும்புக் கேட்டு செஞ்ச வேலை," என்றாள் யூ-சியா. "நான் வச்ச வெல்டை ஊரு ஆளுங்க முன்னாடி கிரைண்டரால தேச்சு எடுத்துட்டு, அதே எடத்துல இந்த ஆளு தன் வெல்டை வச்சாரு. அவ்ளோதான்."

டிங்-குன் சட்டத்தில் மிஞ்சியிருந்த தன் வெல்டைப் பார்த்துக் கோப்பையைத் தரையில் வைத்தார்.