ரெண்டு கேன் கடல்

"இது கடல் தண்ணியே இல்ல. உப்பக் கரைச்சு எடுத்தாந்து என்னை ஏமாத்தற!"

கோகிலவாணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். மீன் வண்டிக்காரன் சின்னதுரை ரெண்டாவது கேனை இறக்கிவைத்துவிட்டு இன்னும் இடுப்பைக்கூட நிமிர்த்தவில்லை.

"இன்னா அண்ணி, வந்ததும் வராததுமா..."

"பேசாத. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும்."

அவள் கோபத்துக்குக் காரணம் கூடத்தில் இருந்தது. ஒரு கண்ணாடித் தொட்டி.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜை இழுத்து மூடியபோது, அங்கே கிடந்த கடல்மீன் தொட்டியைக் காயலான் கடைக்குத் தள்ள இருந்தார்கள். கவனிப்பார் இல்லாமல் பாசி மண்டி, விளக்கெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. உள்ளே ஒரே ஒரு ஆரஞ்சு மீன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பாறையில் ஒட்டி, பூ மாதிரி விரியும் கடல் சாமந்தி என்ற உயிர் பழைய துணி மாதிரி சுருண்டுவிட்டது. கோகிலவாணி பார்த்தாள். பார்த்த இடத்திலேயே அழுதாள். கணவன் தீனதயாளன் வேறு வழியில்லாமல் அதை வாங்கி, வைக்கோல் போட்டு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

மாமியார் சாலம்மாளுக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. "அம்மாந் தண்ணி இருக்குது, கொழம்பு வைக்க ஒரு மீனு கெடையாது. ஊர்ல கேட்டா சிரிப்பாங்க" என்பாள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு என்ன தெரியும்?

கோகிலவாணி கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள். சாதி விட்டுச் சாதி தீனதயாளனைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, அவள் அப்பா பூமாலை குப்பத்தார் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். "இனிமே அவ காலு இந்தக் கரையில படக்கூடாது. கடலம்மா மேல ஆண!"

அதற்கப்புறம் கணவன் ஊரில் சுற்றிலும் கரும்பும் மக்காச்சோளமும்தான். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. தீனதயாளன் தங்கமான மனுஷன், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கடல் இல்லையே! அலைச் சத்தம் இல்லாமல் எப்படித்தான் இந்த ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வருகிறதோ என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

தொட்டியில் வாராவாரம் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடலூர்த் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிவரும் சின்னதுரைதான் ரெண்டு கேன் கொண்டுவந்து கொடுப்பான். அதில்தான் மீன் தேறியது. சாமந்தியும் மெல்ல மெல்ல விரிந்தது. விரிந்த அன்று அவள் அடுப்பில் சோறு தீய்ந்ததுகூடத் தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பக்கம் புயல். இன்னொரு பக்கம் இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல். போன வாரம் வண்டியே வரவில்லை. சாமந்தி மறுபடியும் சுருங்க ஆரம்பித்துவிட்டது. இவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு வந்து இறங்கிய முதல் கேனைத் திறந்து பார்த்ததும்தான் சந்தேகம் பற்றிக்கொண்டது.

"நான் குப்பத்துல பொறந்தவ சின்னதுர. கார்த்திக மழைக்கு ஆத்துத் தண்ணி எறங்கி, கரையோரம் செகப்பா கலங்கிக் கெடக்கும். உப்பும் கம்மி. நீ கொண்டாந்தது கண்ணாடியாட்டம் இருக்குது. வெளிக்கடலுக்குப் போனாத்தான் இப்டித் தண்ணி கெடைக்கும். புயலுக்கு எவனும் கடல்ல போட்ட எறக்கலன்னு டிவியிலயே சொன்னான். அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"



"திருநாவலூர்கிட்ட மறிச்சிட்டாங்க அண்ணி. ரிஷிவந்தியம் பக்கமா ஊர் ஊரா சுத்திக்கினு வர்றேன். ஐஸ் கரைஞ்சு மீனு பாதி வீணாப் பூடிச்சி..."

"கதைய மாத்தாத!"

"நல்லாக் கேளு" என்று உள்ளேயிருந்து சாலம்மாள் எடுத்துக்கொடுத்தாள். "உப்புத் தண்ணிக்கு ஒரு வண்டி. கேக்கறவ கேனச்சியா இருந்தா எதையும் விப்பானுங்க."

கோகிலவாணிக்கு முகம் சிவந்தது. "அடுத்த வாரம் உன் வண்டியில நானே வர்றேன். கரையில எறங்க மாட்டேன். வண்டியிலயே குந்திக்கினு, நீ எங்க மொள்றன்னு பாக்கறேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தாள். போவது அவன் தண்ணீர் மொள்வதைப் பார்க்கவா, தூரத்திலிருந்தாவது கடலை ஒரு தடவை பார்க்கவா? அவளுக்கே தெரியவில்லை.

சின்னதுரை பதறிவிட்டான். "ஐயய்யோ, வாணாம் அண்ணி! நான் வாயத் தொறந்தது தெரிஞ்சா அப்புறம் தண்ணியே குடுக்க மாட்டாரு."

"யாரு?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. மொத வாட்டி நான் துறைமுகத்துல தண்ணிக்கு அலஞ்சப்ப, யாருக்குடான்னு ஒரு பெரியவரு கேட்டாரு. உங்க பேர சொன்னேன். கேன வாங்கிக்கினு போட்டுல ஏறிட்டாரு. அன்னிலேர்ந்து அவருதான் மொண்டாந்து தர்றாரு. புயல் ஓஞ்ச மறுநாளு, எவனும் கடலுக்குப் போவாதப்ப, இந்த ரெண்டு கேனுக்காவ ஒண்டியா போய்ட்டு வந்தாரு... உங்கப்பா."

கோகிலவாணி கேனைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கேனின் மூடியைத் தடவிக்கொண்டே கேட்டாள். "என்னப் பத்தி... எதுனா கேப்பாரா?"

"நல்லாருக்குதா, புள்ளகுட்டி இருக்குதா, எதுவும் கேக்க மாட்டாரு அண்ணி. இந்தத் தண்ணியில அந்தப் பொண்ணு கைய நனைக்குதான்னு மட்டும் ஒவ்வொரு வாட்டியும் கேட்டுக்குவாரு."