அக்காவின் தோள்

துப்பாக்கி சுடுதளத்தில் காலை வெயில் கண் கூசுகிறது. எந்திரத்திலிருந்து இருபதாவது களிமண் தட்டு வானில் சீறி எழ, அக்கா சுடுகிறாள், தட்டு தூளாகிறது. சுடும்போது தோளில் உதைக்காமலிருக்க அடிக்கட்டையில் ரப்பர் மெத்தை வைத்துத் தம்பி வடிவமைத்த புதுத் துப்பாக்கி அது. பூ மாதிரி இருக்கும் என்று துப்பாக்கிக் கம்பெனி முதலாளியிடம் அளந்துவிட்டிருக்கிறான். “உதைக்குதாம்மா?” என்று முதலாளி கேட்கிறார். “இல்லவே இல்ல சார். தம்பி செஞ்சதாச்சே!” என்று அக்கா சிரிக்கிறாள். தோட்டா எடுக்கக் குனிகையில் சட்டைக் கழுத்து விலகுகிறது. வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருக்கிறது. தம்பி அதைப் பார்ப்பதை அவளும் பார்த்துவிடுகிறாள். “இன்னொரு தடவை சுடச் சொல்லுப்பா” என்கிறார் முதலாளி. தம்பி அக்காவைப் பார்த்துத் தலையசைக்கிறான். அக்கா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றுகிறாள். “அட, ரெண்டு பக்கமும் சுடுறாங்களே!” என்று முதலாளி கைதட்டுகிறார். தலை நிமிராமல் தம்பியும் தட்டுகிறான்.