லேட்டு லோகேஸ்

“லோகேஸுக்கு ஒரு பொட்டலம் எடுத்து வை லா. அவன் எப்படியும் லேட்டாத்தான் வருவான்” என்றான் வசந்தன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டிருந்த பிரேமலா சிரித்துவிட்டாள்.

சிரித்தபடியே ஒன்றை எடுத்துப்போய்க் கூடத்து மூலையில், மாலை போட்ட படத்துக்கு முன்னால் வைத்தாள். அதோடு சிரிப்பும் நின்றது.

இன்று லோகேஸ்வரனின் பதினாறாம் நாள் காரியம். பாசிர் கூடாங்கில் அவன் வேலை செய்த தொழிற்சாலையில் வாயு கசிந்து செத்துப்போனான். பள்ளியில் படிவம் ஐந்து வரை ஒன்றாகப் படித்த கூட்டாளிகள் மூன்று பேர் வந்திருந்தார்கள். வசந்தனுக்குச் சிங்கப்பூரில் வேலை, பிரேமலா ஆசிரியை. மூன்றாமவன் சபாபதி, லோகேஸ்வரனோடு அதே தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். சாவு வீட்டில் இதற்குமேல் என்ன பேசுவது? பழைய கதைதான்.

“போன வாரம் நம்ம செடெனாக் தோட்டத்துக்குப் போயிருந்தேன்” என்றாள் பிரேமலா. “நம்ம லயன் வீடு ஒண்ணுகூட இல்ல. டேட்டா சென்டர் கட்டுறாங்களாம். ஸ்கூல் மட்டும் அப்படியே நிக்குது.”

“அலமாக்! முனியாண்டி கோயிலு?”

“அதையும் எங்கயோ மாத்திட்டாங்க. விளையாடுன தெடல்ல பெரிய வேலி. செக்யூரிட்டி வெரட்டுறான்.”

வசந்தன் பெருமூச்சு விட்டான். “கண்டீன் மாக்சிக் ஞாபகம் இருக்கா? லோகேஸ் சம்பல் மட்டும் மூணு தடவ கேப்பான். பாவம், அந்தம்மா திட்டிக்கிட்டே ஊத்துவாங்க.”

“தெனம் தோட்டத்து பஸ்ஸ விட்டுட்டு எட்டு மணிக்கு வேலிக்குள்ள பூந்து வருவான். கிளாஸ் டீச்சர் சிக்கு ஆமினா ரெஜிஸ்டர்லேருந்து தலைய நிமித்தவே மாட்டாங்க. அவன் பேரு வந்தா கடைசி பெஞ்சிலேருந்து நம்ம சபா அவன மாதிரியே மூக்கால ‘ஹாடிர், சிக்கு!’ம்பான். அவ்வளவுதான், ரெஜிஸ்டர்ல லோகேஸ் வந்தாச்சு” என்றாள் பிரேமலா.

“வருஷக் கடைசியில ஒரு நாள்கூட லீவு போடாத பையன்னு பரிசு வேற குடுத்தாங்க லா!”

அடுப்படியிலிருந்து வந்த ரூபினி, லோகேஸ்வரனின் மனைவி, பதினாறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். “அந்தக் கப்பு இன்னும் அலமாரியில இருக்குண்ணே. பொண்ணுகிட்ட அதக் காட்டித்தான் ஸ்கூலுக்குப் போகச் சொல்வாரு.”

சபாபதி மட்டும் சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கவுமில்லை. கூடவே இருந்தவனுக்கு வேதனை இருக்காதா என்று மற்றவர்கள் அவனைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

ரூபினி ஒரு புகார்க் கடிதத்தை நீட்டினாள். “மூணு பேரும் இதுல கையெழுத்துப் போடணும். சபாண்ணே, நீங்க அன்னைக்கு அங்கேயே இருந்தவரு. உங்க கையெழுத்துதான் முக்கியம்னு லாயர் சொன்னாரு.”

வசந்தன் கடிதத்தை வாங்கி உரக்கப் படித்தான். சைரன் அடித்ததும் எல்லோரையும் வாசலில் நிறுத்தி ஆள் கணக்கு எடுத்தவர் சூப்பர்வைசர் கார்த்திகேயன். கணக்கு சரி என்று அவர் எழுதிக் கொடுத்ததால் மீட்புக் குழு உள்ளே தேடவில்லை. நாற்பது நிமிஷம் கழித்துத்தான் பம்ப் அறைக்குப் பின்னால் லோகேஸ்வரன் கிடப்பதைப் பார்த்தார்கள்.

“அப்பவும் மூச்சு இருந்துச்சாம். பத்து நிமிஷத்துல தூக்கியிருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு” என்றாள் ரூபினி. “எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ணே. ஏன் யாருமே தேடலன்னு தெரிஞ்சா போதும். பொண்ணு தெனம் கேக்குறா. என்னால பதில் சொல்ல முடியல.”

“கார்த்திகேயன் என்ன சொல்றானாம்?” என்றாள் பிரேமலா.

“வேலையிலேருந்து நிறுத்தி வச்சிருக்காங்க. ஒவ்வொரு பேராத்தான் கூப்பிட்டேன், கணக்கு சரியா இருந்துச்சுன்னு சாமி மேல சத்தியம் பண்றான். எல்லாம் பொய். வேலைக்கு வர்ற நேரம் அடிக்கிற கார்டையே மாத்தியிருக்காங்கண்ணே! அன்னைக்குப் பொண்ணுக்குக் காய்ச்சல். இவரு வீட்டுலேருந்து மோட்டார எடுத்ததே ஏழு இருபதுக்கு. கார்டுல ஏழு மணின்னு இருக்கு. சைரன் அடிச்சது ஏழே முக்காலுக்கு.”

“பாத்தியா? கம்பெனியே சேந்து பண்ணுன வேல” என்றான் வசந்தன். “அந்தக் கார்த்திகேயன உள்ள தள்ளாம விடக்கூடாது.”

அவன் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டான். அடுத்து பிரேமலா போட்டாள். பேனா சபாபதியிடம் வந்தது.

சபாபதி படத்தைப் பார்த்தான். அதன் முன்னால் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. ரூபினி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“போடுங்கண்ணே. உள்ள ஒரு ஆளு உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கும்போது கணக்கு எப்படிச் சரியா வந்துச்சுன்னு அந்தப் பாவி எனக்குச் சொல்லணும்.”

சபாபதி பேனாவை மூடிக் கடிதத்தின் மேல் வைத்தான்.

“ஏழு மணிக்கு அவன் கார்ட அடிச்சது நான்தான், தங்கச்சி. வழக்கம்போல அவன் இன்னும் வந்து சேரலன்னு நெனச்சு... பேரு கூப்பிட்டப்ப ஹாடிர் சொன்னதும் நான்தான்.”