கடைசி நட்டு

கடைசி நட்டு அசையவில்லை.

மற்றவை மண்ணெண்ணெயில் ஊறியதற்கே இளகிவிட்டன. இது மட்டும் போல்ட்டோடு ஒன்றாகிப் போயிருந்தது. எமர்ஜென்சி வருஷம் மோட்டார் வாங்கியபோது மாட்டியது. எது இரும்பு, எது துரு என்று தெரியவில்லை.

சகாதேவன் கிணற்றின் பாதி ஆழத்தில், சுவருக்குச் சுவர் போட்டிருந்த தண்டவாளத் துண்டின் மேல் நின்றிருந்தான். இடுப்பில் வடக்கயிறு. கீழே முழங்காலளவுத் தண்ணீர். அதற்குள் பாறை.

குழாய் இணைப்பு காற்று வாங்குகிறது. பிரித்து வாஷர் மாற்றாவிட்டால் மோட்டார் தண்ணீர் இழுக்காது. மேலே வேர்க்கடலை, காய் பிடிக்கிற நேரத்தில் சுருண்டு கிடந்தது. பாதி நிலம் அவனுடையது. பாதி தம்பி வேணுவுடையது.

கிணறு இருவருக்கும் பொது.

மாடு கட்டி இறைத்த காலத்துக் கல்தூண் ஒன்று கிணற்றோரம் இருந்தது. கயிற்றின் மறுமுனையை அதில் கட்டிவிட்டுத்தான் சகாதேவன் இறங்கினான். முடிச்சை அவனே போட்டான். வேணு பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு முடிச்சை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

தண்ணீர் முறைச் சண்டையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, உன்னை இந்தக் கிணற்றிலிருந்துதான் எடுப்பார்கள் என்று சொன்னவன் வேணு. அதற்குப் பிறகு இருவரும் நேராகப் பேசியதில்லை. எதுவானாலும் சகாதேவனின் மனைவி பச்சையம்மாளிடம் சொல்வதுபோல மற்றவன் காதில் போடுவார்கள். இன்றைக்கு அவள் கீழ்பென்னாத்தூர் போயிருந்தாள்.

ஸ்பானரின் வாலில் குழாய்த்துண்டு ஒன்றைச் செருகி நீளமாக்கினான். இரண்டு கையாலும் அழுத்தினான். அசையவில்லை.

கை போதாது. உடம்பு முழுவதையும் அதன்மேல் போட வேண்டும். ஆனால் துருவேறிய நட்டு சொல்லிவிட்டு விடாது. விடுகிற கணத்தில் ஆள் கவிழ்ந்துவிடுவான். அதற்குப் பிறகு கயிறுதான்.

அண்ணாந்து பார்த்தான். வட்டமாக வெயில். ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மலைகூடத் தெரியவில்லை. வேணுவும் தெரியவில்லை.

அப்போது கயிறு தளர்ந்தது.

இடுப்பின் இறுக்கம் சட்டென்று போய், ஒரு முழக் கயிறு தோளில் வந்து விழுந்தது. மேலே ஏதோ கனமாகப் புரளும் சத்தம். மண் உதிர்ந்தது.

சகாதேவன் குழாயைக் கட்டிக்கொண்டான். கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிடுவதென்றால் பெயரைச் சொல்லித்தானே கூப்பிட வேண்டும்.

கயிறு மெல்ல மேலேறி, மறுபடி இறுகியது. இந்த முறை அது சும்மா இருக்கவில்லை. லேசாக இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது.

வேணு முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

"கீழ இருக்கறவரு அங்கயே குடித்தனம் பண்ணப் போறாரான்னு கேளுங்க அண்ணி," என்றது வேணுவின் குரல், அங்கே இல்லாத அண்ணியிடம். "கரண்டு போயிடும். ஏறி மிதிக்கச் சொல்லுங்க. மேல ஆளு இருக்குது."

ஆள் இருப்பதுதான் பயம்.

ஏறி வந்துவிடலாம். ஏறினால் செடி பிழைக்காது. பயந்துகொண்டு ஏறியவன் என்ற பேச்சு மட்டும் பிழைத்துக் கிடக்கும்.

ஸ்பானர் மேல் ஒரு காலை வைத்தான். பிறகு இன்னொன்றை.

நட்டு துப்பாக்கி வெடித்த மாதிரி விட்டது.

காலடியில் எதுவும் இல்லை. சுவர் மேலே போயிற்று. ஓர் ஆள் உயரம் இறங்கியிருப்பான். கயிறு விலாவை நெரித்துக்கொண்டு நின்றது. மேலே யாரோ பல்லைக் கடித்து முனகுவது கேட்டது.

தொங்கியபடியே குழாயைப் பிடித்தான். தண்டவாளத்துக்கு வந்து, படிக்கற்களைப் பற்றி மேலே ஏறினான்.

கல்தூண் அடியோடு முறிந்து புல்லில் கிடந்தது.

கயிறு வேணுவின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்காமல், அவன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அது இறுகிப் போயிருந்தது.

அவனுடைய குதிகால்கள் உழுத இரண்டு கோடுகள், முறிந்த தூணிலிருந்து தொடங்கி, கிணற்றின் விளிம்பு வரைக்கும் வந்திருந்தன.