கலியம்மாள் பேசிய கேசட்

பஞ்சவர்ணம் டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானையும் அதற்குப் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள். பேசுங்கள் என்று கண்ணைக் காட்டினாள்.

செத்துப்போன அவள் மாமியாராக நான் பேச ஆரம்பித்தேன்.

“நடராசு… நல்லாருக்கியா சாமி…”

சொல்லிவிட்டு இருமினேன். கலியம்மாள் என்றாலே இருமல்தான். உடையார்பாளையத்தில் அவள் பஸ் ஏறினால், எங்கள் ஊரில் இருமல் முதலில் இறங்கும். பின்னால்தான் அவள் இறங்குவாள்.

குரல் விஷயத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு தடவை சும்மா பசு மாதிரிக் கத்தப்போய், யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ என் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்துவிட்டது. திரும்பிப் போக மாட்டேன் என்றது. அதற்குப் பால் வாங்கி ஊற்றினது நான்தான்.

அதனால்தான் பஞ்சவர்ணம் என்னைக் கூப்பிட்டாள்.

அவள் புருஷன் நடராசன் துபாயில் இருந்தான். மாடி மேல் மாடியாக எழும்புகிற கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. எண்பத்துமூன்று வாக்கில் வெளிநாட்டுக்குப் போனவர்கள் கடுதாசி எழுத மாட்டார்கள். பேசிப் பதிந்து கேசட் அனுப்புவார்கள். இங்கேயிருந்தும் அப்படியே பேசி அனுப்ப வேண்டும்.

கலியம்மாளுக்குக் கருமாதி முடிந்துவிட்டது. அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சின்ன வயதில், அம்மா கோபித்துக்கொண்டு ஒரு பொழுது பேசாமல் இருந்ததற்கே கிணற்றில் குதித்தவன் அவன். இப்போது நிற்பதோ சாரத்தின் மேல்.

போன கேசட்டில் கேட்டிருந்தான். “அம்மா ஏன் பேசல? இனிமே அம்மா பேச்சு இல்லாம எனக்கு கேசட்டே அனுப்பாத.” அதற்குப் பிறகு நாடா முழுக்க அழுகை.

“தெரிஞ்சா அங்கேருந்தே வுழுந்துடுவாரு மாமா. லீவுல வரட்டும், பக்கத்துல நின்னு சொல்லிக்கலாம்” என்றாள் பஞ்சவர்ணம். எங்கள் தெருச் செல்லதுரை அன்று சாயங்காலம் துபாய்க்குக் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஆகவே உச்சி வெயிலில் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் திணித்து, வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தோம். கேசட் புதுசு. அரியலூரில் வாங்கியது. மேல் உறையை நானே பல்லால் கடித்துப் பிரித்தேன்.

சுவரில் மாலையோடு கலியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்ப் பானையைப் பார்த்துப் பேசினேன்.

இந்த வருஷம் முந்திரி நல்லா புடிச்சிருக்கு என்றேன். ஆடு குட்டி போட்டிருக்கு என்றேன். வெயில்ல தலைக்குத் துண்டு கட்டிக்க என்றேன். நடுநடுவே இருமினேன். கடைசியில், “வரட்டுமா சாமி” என்றேன்.

பஞ்சவர்ணம் டக்கென்று நிறுத்தினாள். வாயில் திணித்திருந்த முந்தானையை எடுத்தாள்.

“அத்தைய வுட நல்லாவே இருமுறீங்க மாமா.”

போட்டுப் பார்த்தோம். எல்லாம் இருந்தது. முந்திரி, ஆட்டுக்குட்டி, துண்டு, வரட்டுமா சாமி. அப்புறம் அந்த டக்.

அதுவரைக்கும்தான் நாங்கள் பதிந்தது.

அவள் நிறுத்தக் கையை நீட்டினாள். வெறும் நாடா உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த உஸ்ஸுக்குள்ளிருந்து குரல் வந்தது. அதே குரல். ஆனால் இரைப்பு இல்லை.

“அந்த இருமல்லாம் இப்ப இல்லப்பா. சுத்தமா நின்னு போச்சு. பஞ்சநாதன்தான் வேணும்னே கூட்டி இருமுறான்.”

பஞ்சநாதன் நான்தான். வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூடித்தான் இருந்தது.

“நேத்து சாரத்துப் பலகை பெரண்டப்ப, பின்னாடியேருந்து சட்டையைப் புடிச்சு இழுத்தது யாருன்னு தேடிக்கிட்டு நிக்காத. கீழ பாக்காம வேலையப் பாரு. இதப் பேசி முடிச்சிட்டு இதோ வந்துடறேன்.”

பிறகு இரைச்சல் மட்டும்.

பஞ்சவர்ணம் அலறுவாள் என்று பார்த்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவிழ்ந்திருந்த கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

“இனிமே அவரு வுழ மாட்டாரு” என்றாள். பிறகு, “கோவிச்சுக்காதீங்க மாமா. ஒங்க பேச்ச மட்டும் அழிச்சிடறேன்.”

அழி என்றேன். வேறு என்ன சொல்ல? என் இருமல் அழிந்துபோகும். அதைப் பற்றிய புகார் மட்டும் துபாய்க்குப் போகும். போகட்டும்.

கேசட்டை அழிப்பதென்றால், முதலுக்குத் திருப்பி, அதே இரண்டு பொத்தான்களை அழுத்திவிட்டு, யாரும் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நாடா ஓட ஓடப் பெட்டியில் நம்பர் ஏறும்; டக் வந்த இடத்து நம்பரை அவள் பார்த்து வைத்திருந்தாள். அதற்கு முன்னால் நிறுத்தினால் என் பேச்சு மிச்சம் நிற்கும். கொஞ்சம் தாண்டினாலும் கலியம்மாள் பேச்சு போய்விடும். போனால் போனதுதான், திரும்ப வராது.

பொத்தானை அழுத்தினாள். நாடா சுற்றியது. சின்னக் கண்ணாடிக்குள் நம்பர் ஒவ்வொன்றாகப் புரண்டது. வெளியே ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை.

அந்த நம்பர் வருகிற வரைக்கும், மூன்று பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம்.